நாட்குறிப்பும் நமது கதைகளும்

கதை எழுத விரும்பும் இளைஞர்களுக்கு இக்காலத்தில் ஓர் அறிவுரை தாராளமாக வழங்கப்பட்டு வருகிறது. நாள்தோறும் நாட்குறிப்பு எழுதி வந்தால் போதும், அன்றாட வாழ்விலிருந்தே கதைகள் தாமாகக் கிடைத்துவிடும் என்பதே அது. கேட்பதற்கு இனிய சொல்தான். ஆனால் இனிய சொல் எல்லாம் முழு உண்மையாகி விடுவதில்லை. இந்த அறிவுரை எந்த அளவுக்குச் சரி, எந்த இடத்தில் அது எழுதுபவனை வழிதவறச் செய்யும் என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

இதில் நமக்கு ஒரு தனி அக்கறை உண்டு. நம் சமுதாயத்துப் பெருநாள் மலர்களில் வெளியாகும் கதைகளைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சீதனத்துக்கு வழியின்றிக் காத்திருக்கும் குமர், வளைகுடா நாட்டுக்குப் போய்த் திரும்பாத கணவன், கடைசிப் பக்கத்தில் மனம் திருந்தும் மாமியார் ஆகிய மூவரும் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறார்கள். இவர்கள் வாழும் வீடு மதுரை நெல்பேட்டையில் இருக்கிறதா, காயல்பட்டினத்தில் இருக்கிறதா, வாணியம்பாடியில் இருக்கிறதா என்பதை எந்த வரியிலிருந்தும் நம்மால் அறிய முடிவதில்லை. அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், அத்தா என்ன தொழில் செய்தார், அன்றைக்கு என்ன விலை விற்றது என்பதும் தெரியாது. துயரம் மட்டும் தெரியும். இடமும் பொழுதும் இல்லாத துயரம் வாசகரின் நெஞ்சில் தங்குவது அரிது.

இதற்கு மாறாக, தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் தம் கடற்கரையை அதன் பேச்சோடும் வழக்கோடும் எழுதியபோது, தமிழுலகம் முழுவதும் அதை எடுத்து வைத்துக்கொண்டது. 1997ஆம் ஆண்டு அவருடைய 'சாய்வு நாற்காலி' சாகித்திய அகாதமியின் பரிசைப் பெற்றது. குறிப்பிட்ட ஓர் ஊரைக் கண்ணால் பார்த்து எழுதியதனால் அவர் குறுகிப் போகவில்லை, விரிந்தார். ஆக, நம் எழுத்தாளர்களுக்குக் கற்பனையில் குறைவில்லை. கண்டதைக் கண்டபடி பிடித்து வைக்கும் பழக்கமே வேண்டியிருக்கிறது என்று கொள்ளலாம்.

பிடித்து வைத்த முன்னோர்

இப்பழக்கம் நமக்குப் புதியதன்று. ஹதீஸ் கலையைக் கற்றவர்கள் 'ளப்த்' என்ற சொல்லை அறிவார்கள். கேட்டதைப் பிழையின்றிக் காத்து வைப்பது என்று அதற்குப் பொருள். நெஞ்சில் காப்பது ஒரு வகை, ஏட்டில் காப்பது மற்றொரு வகை என முஹத்திஸுகள் அதை இரண்டாகப் பிரித்தனர். அறிவிப்பாளர் எவ்வளவு பேணுதல் உடையவராயினும், அவருடைய ளப்தில் குறை காணப்பட்டால் அந்த அறிவிப்பின் தரம் இறங்கிவிடும். நல்ல மனிதராய் இருப்பது வேறு, நல்ல சாட்சியாய் இருப்பது வேறு என்னும் இந்த நுட்பத்தைக் கதை எழுதுபவரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

பக்தாதில் வாழ்ந்த ஹன்பலீ அறிஞர் இப்னுல் பன்னா தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது. அது ஹிஜ்ரி 460, 461, அதாவது கி.பி. 1068, 1069 ஆண்டுகளைச் சேர்ந்தது. நகரில் யார் மௌத்தானார், யாருக்கும் யாருக்கும் பிணக்கு, யார் என்ன கனவு கண்டார் என்பனவற்றை அவர் குறித்து வைத்தார். ஜார்ஜ் மக்திஸி என்னும் ஆராய்ச்சியாளர் 1950களில் அதைப் பதிப்பித்தார். அதே பக்தாதில் அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) தம் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களை அவ்வப்போது எழுதித் தொகுத்து, அந்நூலுக்கு 'ஸைதுல் காத்திர்' என்று பெயரிட்டார். எண்ணத்தை வேட்டையாடிப் பிடித்தல் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். எண்ணம் ஓடிவிடும் இயல்புடையது. பிடித்தவனுக்கே அது சொந்தம்.

பயண நூல்களிலும் இதன் பயனைக் காணலாம். அந்தலுஸைச் சேர்ந்த இப்னு ஜுபைர் 1183ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது கப்பலிலேயே எழுதத் தொடங்கி, பிறைக்கணக்குப்படி மாதம் மாதமாகத் தம் பயணத்தை வரைந்தார். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்த இப்னு பதூதாவோ தம் பயணம் முடிந்து, மொரோக்கோ சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி இப்னு ஜுஸய்யிடம் வாயால் சொல்ல, அவர் எழுதி 1355இல் முடித்தார். புகாராவில் அறிஞர்களின் கப்ருகளில் கண்ட வாசகங்களைத் தாம் எழுதி வைத்திருந்ததாகவும், இந்தியக் கடலில் கொள்ளையர் தம் உடைமைகளைப் பறித்தபோது அவையும் போய்விட்டன என்றும் அவரே வருந்திச் சொல்கிறார். அந்தக் கொள்ளை நிகழ்ந்தது வேறெங்குமன்று. நம் மதுரையை விட்டு அவர் மேற்குக் கரைக்குச் சென்ற அந்தப் பயணத்தில்தான்.

மதுரையில் அவர் கண்டவை

1330களில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா மதுரையில் தனியாட்சி நிறுவினார். அவருடைய மகளை இப்னு பதூதா டில்லியில் மணந்திருந்தார். பின்னர் ஆட்சிக்கு வந்த கியாஸுத்தீன் தமகானிக்கும் இப்னு பதூதாவின் மனைவியின் சகோதரிக்கும் திருமணம் நடந்திருந்தது. ஆகவே 1340களில் இப்னு பதூதா இப்பகுதிக்கு வந்தபோது, ஆட்சியில் இருந்த சுல்தான் அவருக்குச் சகலை முறையாக வேண்டும்.

இந்த உறவை மனத்தில் கொண்டு அவர் எழுதியதைப் படிக்க வேண்டும். போரில் பிடிபட்ட கைதிகள் பாளயத்தின் வாயில்களில் கழுவேற்றப்பட்டதையும், பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. சுல்தானுடன் உணவருந்திக் கொண்டிருக்கையில் ஒரு மனிதனும் அவன் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டு வெட்டப்பட்டதைச் சொல்லி, தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொல்கிறார். இத்தகைய கொடுமையை வேறெந்த அரசரிடமும் தாம் கண்டதில்லை என்றும், இதன் காரணமாகவே இறைவன் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தம் கருத்தைக் கூறுகிறார். சொந்தச் சகலையைப் பற்றி, தம் மார்க்கத்தைச் சேர்ந்த அரசரைப் பற்றி, உண்ட வீட்டைப் பற்றி எழுதிய சாட்சியம் இது. கொல்லப்பட்டவர்கள் தம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பது அவருடைய நீதி உணர்வைத் தடுக்கவில்லை. குறிப்பெழுதுபவனுக்கு வேண்டிய முதல் தகுதி இதுவே என நாம் கருதுகிறோம். நம்மவர் என்பதற்காக மறைக்கத் தொடங்கும் குறிப்பு கடைசியில் எதற்கும் உதவாமல் போகும்.

அடுத்து, மதுரை நகரில் பரவிய கொள்ளை நோயைப் பற்றி அவர் எழுதுவதைப் பாருங்கள். நோய் கண்டவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாண்டனர் என்று சொல்வதோடு அவர் நிறுத்தியிருந்தால், அது வெறும் செய்தியாக இருந்திருக்கும். ஒரு பெண் தன் சிறு மகனோடு வந்து வறுமையைச் சொன்னாள்; அவர் ஏதோ கொடுத்தனுப்பினார்; இருவரும் திடமாகவே இருந்தனர்; மறுநாள் காலையில் அதே பெண் அந்த மகனுக்குக் கஃபன் துணி கேட்டு வந்து நின்றாள். அரண்மனையில் நெல் குத்த வந்த பணிப்பெண்கள் நோயுற்று வெயிலில் விழுந்து கிடந்ததையும் அவர் கண்டிருக்கிறார். தமக்கும் காய்ச்சல் வந்தது என்றும், அந்நாட்டில் ஏராளமாகக் கிடைக்கும் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க, மூன்று நாள் வயிறு கழிந்து குணமாயிற்று என்றும் எழுதுகிறார்.

அந்தப் புளியைப் பாருங்கள்! அரபு மொழியில் அதற்கு 'தம்ர் ஹிந்தீ', அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர். நம் வீட்டு அடுக்களையில் பானையில் அடைத்து வைத்திருக்கும் பொருள். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூர்க்காரரோ திருநெல்வேலிக்காரரோ அல்லாத ஓர் அந்நியர், கைக்குறிப்புகளை இழந்தபின், எங்கோ பேஸ் நகரில் அமர்ந்து சொன்னபோதும் அது அவர் நினைவை விட்டுப் போகவில்லை. அவருடைய நூலில் மக்கா, டமாஸ்கஸ் முதலிய நகரங்களின் வருணனைகள் பல இடங்களில் இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கின்றனர். இரவல் வாங்கிய அந்த வருணனைகள் அழகானவை. ஆயினும் அவற்றில் கஃபன் கேட்டு வந்த தாயும் இல்லை, புளித் தண்ணீரும் இல்லை. ஏட்டை இழந்தவரும் உடம்பால் அறிந்ததை இழக்கவில்லை என்பது இதனால் விளங்கும். இழந்த ஏட்டில் இன்னும் எத்தனை இருந்தனவோ!

ஒரே காலத்தில் இருவர்

நாட்குறிப்பு எழுதப் பெரிய கல்வி வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு டமாஸ்கஸ் நகரத்து நாவிதர் ஒருவரைக் காட்டலாம். அஹ்மத் இப்னு புதைர் என்னும் அவர் 1741 முதல் 1762 வரை தம் நகரத்து நிகழ்ச்சிகளை எழுதி வைத்தார். ரொட்டி என்ன விலை, எந்த அதிகாரி என்ன அநியாயம் செய்தார், யார் இறந்தார் என்பனவே அவர் எழுதியவை. நடையோ பேச்சு வழக்கு கலந்தது. பின்னாளில் முஹம்மது ஸயீத் அல்காஸிமீ என்னும் அறிஞர் அந்நூலைச் செப்பனிட்டு, உமியை நீக்கி அரிசியைக் கொடுப்பதாக எண்ணிப் பலவற்றை வெட்டினார். 1959இல் அச்சேறியது அந்தச் செப்பனிட்ட வடிவமே. நாவிதர் எழுதிய வடிவம் அயர்லாந்தின் டப்ளின் நகரத்து நூலகம் ஒன்றில் இருப்பது பிற்காலத்தில் தெரிய வந்தது. ஆராய்ச்சியாளர் இன்று ஆவலோடு தேடிச் செல்வது அவர் உமி என்று தள்ளியதையே.

அதே காலத்தில் நம் தமிழ்நிலத்தில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிக்கொண்டிருந்தார். 1736 செப்டம்பரில் தொடங்கிய அவருடைய தினப்படிச் சேதிக் குறிப்பு 1761 ஜனவரியில் அவர் இறக்கும் காலத்தை ஒட்டி முடிகிறது. பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த அவர், கப்பல் வந்ததையும் சீலை வியாபாரத்தையும் நவாபுகளின் சண்டையையும் தெருவில் கேட்ட வதந்தியையும் ஒரே மையால் எழுதினார். பார்சியும் போர்த்துகீசும் பிரெஞ்சும் கலந்த அன்றைய பேச்சுத் தமிழ் அதில் அப்படியே நிற்கிறது. அந்நாளில் இலக்கணப் புலவர் எவரேனும் அதைக் கண்டிருந்தால் இலக்கியம் என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். 1846இல் கலுவா மொம்ப்ரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்து வெளிப்படுத்தாவிட்டால் நமக்கும் தெரிந்திராது.

கதைக்கும் குறிப்புக்கும் உள்ள தொடர்பை அறிய இதனினும் சிறந்த சான்று தமிழில் இல்லை. ஏனெனில் பிரபஞ்சன் இந்தக் குறிப்புகளைத் தளமாகக் கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் இரு நாவல்களை எழுதினார். இரண்டாவது நாவலுக்கு 1995ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. குறிப்புக்கும் நாவலுக்கும் இடையே இருநூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கிடந்தன. எனவே, கதைகள் தாமாகக் கிடைத்துவிடும் என்னும் சொல் உண்மையன்று. குறிப்பு கிடந்தது, கதையை ஒருவர் வந்து எழுத வேண்டியிருந்தது. பிள்ளையவர்கள் தாம் அஞ்சியதையும் விரும்பியதையும் தம்மை யார் புகழ்ந்தார் என்பதையும் எழுதினார். அவர் காணாமல் கடந்து போன எளியவர்களின் உள்ளத்தைப் பிரபஞ்சன் எண்ணிப் பார்த்தார். குறிப்பெழுதுபவனின் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் போவதே கதைக்காரனின் வேலை.

இரண்டு குறிப்புகளுக்கு நடுவில்

இதை இன்னும் தெளிவாக்க, நம்மிடம் தமிழ் படித்த ஓர் இளைஞரின் முயற்சியைச் சொல்லலாம். சோழவந்தான் பக்கத்துக் கொடிக்கால் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். தந்தையார் வெற்றிலை வியாபாரி. அவர் முதலில் எழுதி வந்த கதையில் ஒரு பணக்காரர், ஓர் ஏழைப் பெண், ஒரு மரணம் இருந்தன; வெற்றிலை ஒன்றுகூட இல்லை. கதையை ஒதுக்கிவிட்டு மூன்று மாதம் நாள்தோறும் ஐந்து வரி எழுதச் சொன்னோம். அவர் எழுதிய நோட்டில் பெரும்பகுதி ஒன்றுக்கும் உதவாதது. மழை, கடை இல்லை, மாமு வந்தார், தலைவலி என்ற வகையில் பக்கங்கள் போயின.

ஆனால் ஓரிடத்தில், அத்தா கவுளி எண்ணி முடித்தபின் வாடிக்கைக்காரர் கேளாமலே இரண்டு இலை சேர்த்து வைத்தார் என்று ஒரு வரி இருந்தது. ஏறத்தாழ நாற்பது நாள் கழித்து மற்றொரு வரி: இன்று அத்தா சரியாக நூறு எண்ணிக் கட்டினார். இரண்டு வரிகளையும் எழுதியவருக்கு அவற்றின் தொடர்பு தெரியவில்லை. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது, நாற்பது நாளில் அந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது என்னும் வினா எழுந்தது. கடன் ஏறிற்றா, யாரேனும் ஏமாற்றினார்களா, அல்லது வாழ்நாள் முழுதும் காத்த தாராளம் ஒரு நாள் காலையில் காரணமே இல்லாமல் சுருங்கிற்றா? கதை அந்த வினாவில் இருக்கிறது. முதல் குறிப்பிலும் அது இல்லை, இரண்டாம் குறிப்பிலும் இல்லை. ஆயினும் அவ்விரண்டும் எழுதப்படாதிருந்தால் அந்த வினாவே பிறந்திராது. நாட்குறிப்பின் பயன் இவ்வளவே. ஆனால் இவ்வளவு பெரியது.

மூன்று பிழைகள்

நாட்குறிப்பு எழுதத் தொடங்குவோர் பெரும்பாலும் மூன்று பிழைகளில் வீழ்கின்றனர். தம் மனநிலையை மட்டும் எழுதிக்கொண்டே போவது முதலாவது. இன்று சோகமாக இருந்தது, நேற்றும் அப்படியே என்று ஓராண்டு எழுதினாலும் அதில் ஒரு மனிதரும் நடமாட மாட்டார். சோகம் வந்த வேளையில் வாசலில் யார் நின்றார், அடுப்பில் என்ன வெந்தது என்பதை எழுதினால் சோகம் தானே தெரியும்.

இரண்டாவது, அல்காஸிமீ செய்தது போன்ற பிழையை எழுதும்போதே செய்துகொள்வது. நன்னி சொன்ன சொல்லை ஏட்டுத் தமிழாக மாற்றி எழுதுகிறார்கள். அச்சொல்லை மாற்றிய உடனே நன்னி போய்விடுகிறார். கட்டுரைக்கு நடை வேறு. குறிப்பில் பேசியவர் பேசியபடி இருக்க வேண்டும்.

மூன்றாவது பிழை மிகவும் கவனத்துக்குரியது. அயலார் வீட்டுக் குறைகளைத் துருவி எழுதுவதைச் சிலர் உண்மை எழுத்து என்று எண்ணிக்கொள்கின்றனர். துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் ஸூரத்துல் ஹுஜுராத் தடுத்திருப்பதை நாம் அறிவோம். அப்படியானால் இப்னு பதூதா சுல்தானின் கொடுமையை எழுதியது புறமாகாதா என்று கேட்கலாம். ஆகாது. அநியாயத்துக்கு ஆளானவன் முறையிடுவதும், அதற்குச் சாட்சி சொல்வதும் புறத்தில் சேரா என்பது உலமாக்களின் விளக்கம். ஆட்சியாளர் பொது இடத்தில் செய்த கொலையும், அண்டை வீட்டுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு அழுத அழுகையும் ஒன்றல்ல. முன்னதை எழுதாமல் விடுவது குற்றம். பின்னதைப் பெயரோடு எழுதுவது குற்றம். பின்னதைக் கதையாக்க வேண்டுமானால், அந்தப் பெண்ணே படித்தாலும் தன்னை இன்னாரென்று பிறர் அறிந்துகொள்வார்கள் என அஞ்சாதபடி எழுதுதல் வேண்டும். அமானிதம் பேணத் தெரியாதவன் கையில் நாட்குறிப்பு ஓர் ஆயுதமாகிவிடும்.

நம் வீடுகளில் இருந்த ஏடு

நம் பழைய வீடுகளில் நாட்குறிப்பு என்ற பெயரில்லாமலே ஒன்று இருந்தது. கிதாபுகளின் முதல் ஏட்டிலும் கடைசி ஏட்டிலும் வெற்றிடம் கண்ட இடத்தில், பிள்ளை பிறந்த நாள், பெரியவர் மௌத்தான நாள், நிலம் வாங்கிய நாள் ஆகியவற்றை அரபுத் தமிழில் எழுதி வைத்தார்கள். வீடு மாற்றும்போது அந்தக் கிதாபுகள் கிழிந்தவை என்று கிணற்றிலும் ஆற்றிலும் விடப்பட்டன. அரபுத் தமிழைப் படிக்கத் தெரிந்தவர்களும் அருகி வருகின்றனர். மதுரை காஜிமார் தெருவிலோ கோரிப்பாளையத்திலோ மேலூரிலோ வாழும் குடும்பங்கள், மிஞ்சியவற்றை எடுத்துத் தூசி தட்டிப் படிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டினால், தங்கள் குடும்பத்தின் முதல் கதை அங்கே இருப்பதைக் காணக்கூடும்.

1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பப்பட்டதும், அதனால் மேலூர்ச் சமவெளி நெல் விளையும் பூமியானதும் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. அந்த நீர் முதலில் வாய்க்காலில் வந்த ஆண்டு ஒரு வீட்டு அடுப்பில் கம்பங்களி போய்ச் சோறு வந்ததா, வந்தால் அதைக் கண்ட குழந்தை என்ன சொன்னது என்பது எந்த நூலிலும் இல்லை. எழுதி வைத்திருக்கக் கூடியவர்கள் அந்த வீட்டார் மட்டுமே. இன்றைக்கு நடப்பனவற்றுக்கும் இதே நிலைதான். வைகை வறண்டு கிடக்கும் மாதங்களையும், முகூர்த்த நாளில் மல்லிகை ஏறும் விலையையும் செய்தித்தாள் எழுதும். அந்த விலையைக் கேட்டுவிட்டு மகளின் நிக்காஹுக்கு எத்தனை முழம் வாங்குவது என்று மனத்துக்குள் கணக்குப் போட்ட தாயைச் செய்தித்தாள் எழுதாது.

முக்கியமாகப் பெண்மக்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறோம். நம் குடும்பங்களின் பெரும்பகுதி நடப்பது அடுக்களையிலும் முற்றத்திலும். அங்கே நடப்பதை ஆண்கள் கேள்விப்பட்டு எழுதும்போது அது இரவல் வாங்கிய வருணனையாகவே முடிகிறது. நேரில் கண்டவர் எழுத வேண்டும். அதற்கு நேரமில்லை என்பது மெய்யே. ஐந்து வரி போதும். இஷாவுக்குப் பின், பால் கணக்கு எழுதும் அதே நோட்டில், அன்று கேட்ட ஒரு சொல், கண்ட ஒரு செயல், கொடுத்த ஒரு விலை என்று எழுதினால் போதும். அது கதையாகுமா என்ற கவலை அன்றைக்கு வேண்டியதில்லை.

முடிவாக ஒன்று சொல்வோம். நாட்குறிப்பு எழுதுகிற எல்லோரும் கதாசிரியர் ஆகிவிட மாட்டார்கள். ஆக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை நாவல் எழுதவில்லை. டமாஸ்கஸ் நாவிதரும் எழுதவில்லை. பின்னால் வருகிறவர் எழுதுவதற்கு வேண்டியதை அவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள். எழுதுகிறவருக்கே அது கதையானால் மகிழ்ச்சி. இல்லையேல் அவருடைய பேத்தி ஒருத்தி என்றேனும் ஒரு நாள் அந்த நோட்டைத் திறந்து, தன் குடும்பம் எந்த ஊரில், என்ன தின்று, யாருக்கு அஞ்சி, யாருக்கு இரங்கி வாழ்ந்தது என்று அறிந்துகொள்வாள். அதற்காகவேனும் எழுதி வைப்பது நம் கடமை.